பதினாலு தொட்டி மிளகாயும் அத்தையின் ஒரே கேள்வியும்

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் கதவை மெல்லச் சாத்தினார். சண்டையெல்லாம் இல்லை. என் கையில் மஞ்சள் பை இருந்தது, அதற்குள் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் அரைக் கிலோ பச்சை மிளகாய் கொடுத்திருந்தேன். அதற்கும் முந்தின வாரம் அரைக் கிலோ. நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு வாரத்துக்கு நூறு கிராம் மிளகாய் போதும். மிச்சத்தை அவர் மட்டும் என்ன செய்வார், பாவம்!

எங்கள் வீடு சமயபுரத்தில், நெடுஞ்சாலையை விட்டுக் கோயிலுக்குத் திரும்பும் வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மொட்டை மாடியில் 14 தொட்டி மிளகாய். ஆறு தொட்டி முண்டு, ஆறு தொட்டி சம்பா, ரெண்டு தொட்டி காந்தாரி. ஆடியில் விதை போட்டு, ஆவணியில் நாற்றைப் பிடுங்கித் தொட்டிக்கு மாற்றினால், ஐப்பசிக் கடைசியில் கை வைக்கலாம். கார்த்திகையில் வாரத்துக்கு ஒண்ணரைக் கிலோ, ரெண்டு கிலோ என்று கொட்டும். கொட்டும்போது மழையும் கொட்டும். இந்த ஊர் மிளகாய்க்காரர்களின் தலைவலியே இதுதான். செடி காய்க்கிற மாசத்தில் வெயில் இல்லை. வெயில் வருகிற மாசத்தில் செடி ஓய ஆரம்பிக்கும்.

முதல் வருஷம் இது எனக்குப் புரியவில்லை. மார்கழியில் ரெண்டு கிலோ பழம் ஒன்றாகச் சேர்ந்தது. (பழுத்துச் சிவந்த மிளகாயை எங்கள் அத்தை ஊரில் 'பழம்' என்றே சொல்வார்கள். எனக்கும் ஒட்டிக்கொண்டது.) ஒரு வீடியோவில் நாலு நாள் காயவைத்தால் போதும் என்றார்கள். நாலு நாள் காயவைத்தேன். காலை எட்டரை வரை பனி, பத்து மணிக்கு ஒரு சோகையான வெயில், நாலு மணிக்கே கொள்ளிடப் பக்கமிருந்து ஈரக்காற்று. தோல் சுருங்கி, தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. டின்னில் போட்டு மூடினேன். பொங்கலுக்கு மறுநாள் திறந்தால் மழையில் நனைந்த கோணிப்பை வாடை. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன். வெளியே பளபளவென்று சிவப்பு, உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு.

"வறுத்துட்டா எல்லாம் செத்துடும்ல?" என்றார் வீட்டுக்காரர். ரெண்டு கிலோவைத் தூக்கிப் போட அவருக்கு மனசில்லை. எனக்கும்தான். ஆனால் மிளகாயில், கடலையில் பிடிக்கிற பூஞ்சைகளில் சில, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை விட்டுவைக்கும். பூஞ்சை வறுபட்டுச் சாகும், நஞ்சு சாகாது. வாணலிச் சூடெல்லாம் அதற்குப் போதாது. நாள்பட உள்ளே போனால் ஈரலைக் கெடுக்கும் என்று தெரிந்த சங்கதி. அதனால் டின்னோடு குப்பைக்குப் போனது. அன்றைக்குப் பூராவும் எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

அந்தத் தைக் கடைசியில் அத்தை எங்களோடு இருக்க வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டம், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். முண்டு மிளகாயின் தாய்வீடு. உருண்டையாக, தோல் தடித்து, கோலிக்குண்டுக்குக் கொஞ்சம் பெரிசாக இருக்குமே, அது. 2023-ல் 'ராமநாதபுரம் முண்டு மிளகாய்' என்று புவிசார் குறியீடு வாங்கியது. அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். "இப்பத்தான் கண்டுபிடிச்சாகளாக்கும்" என்றார்கள், அவ்வளவுதான். அங்கே புரட்டாசி ஐப்பசியில் வானம் பார்த்து விதைப்பார்கள். வடகிழக்கு மழையில் செடி எழும்பி, மாசி பங்குனியில் பழம் பறித்து, அப்படியே களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். அதாவது அந்த ஊரில் பழமும் வெயிலும் ஒன்றாக வந்து சேருகிற மாதிரி விதைப்பை வைத்திருக்கிறார்கள். நான் இங்கே ஆடியில் போட்டு மார்கழியில் பழத்தைப் பறித்து வெயிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் பூஞ்சைக் கதையைக் கேட்டுவிட்டு அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. "எந்த மாசம் காயப்போட்ட?"

அப்புறம் மூன்று வருஷமாக இதே கேள்விதான். அத்தை, இந்த மிளகாயை என்ன பண்ணலாம்? "இப்ப என்ன மாசம்?" இதை ஊறுகாய் போடலாமா? "மாசம் என்ன, மேல பாரு, மேகம் எப்படி இருக்கு?" மிளகாய் பச்சையா சிவப்பா என்பதெல்லாம் அவர்களுக்கு அடுத்த கேள்வி. நான் புத்தகத்திலும் வீடியோவிலும் தேடிக்கொண்டிருந்த செய்முறை, அவர்களுக்குக் காலண்டரில் இருந்தது.

சரி, கார்த்திகையிலிருந்தே வருகிறேன்.

கார்த்திகை மழையில் எதையும் காயவைக்க நினைக்கவே கூடாது. அப்போது வருகிற பச்சைக் காய் எல்லாம் உப்புக்கும் எலுமிச்சைக்கும்தான். அரைக் கிலோ காய். கழுவி, துணியில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் ஒரு ராத்திரி முழுக்க விட வேண்டும். காம்போடு கழுவி, ஈரம் போன பிறகு காம்பைக் கிள்ள வேண்டும். முன்னாடியே கிள்ளினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஒரு விஷயத்துக்காக என்னை அத்தை ரெண்டு தடவை திட்டியிருக்கிறார்கள். பிறகு அரை விரல் நீளத்துக்கு நறுக்கி, நூறு கிராம் கல் உப்பை வறுத்துப் பொடித்துப் போட்டு, மஞ்சள்தூள், லேசாக வறுத்த கடுகும் கொஞ்சம் வெந்தயமும் பொடித்தது, பத்துப் பன்னிரண்டு எலுமிச்சைச் சாறு. பீங்கான் ஜாடி, மேலே வேடு கட்டி மூன்று நாள். தினம் ஒரு தடவை உலர்ந்த மரக்கரண்டியால் கிளறல். நாலாம் நாள் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்டு ஊற்றினால் தீர்ந்தது.

இதில் என் பழைய மூடநம்பிக்கை ஒன்று உடைந்தது. எண்ணெய் மிதந்தால் ஊறுகாய் கெடாது என்று நினைத்திருந்தேன். எண்ணெய் காற்றைத் தடுக்கும், மேலே பூஞ்சை பூக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. காற்று இல்லாத இடத்தைத் தேடி வளர்கிற கிருமியும் உண்டு. பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்குவது அது. அதைத் தடுப்பது புளிப்பு. அமிலக் கணக்கில் பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால் அது தலையெடுக்காது. பச்சை மிளகாய்க்குத் தனியாக அவ்வளவு புளிப்பு கிடையாது. அதனால்தான் எலுமிச்சை. 'எண்ணெயில் ஊறின மிளகாய்' என்று வெறும் பச்சை மிளகாயையும் பூண்டையும் எண்ணெயில் முக்கி மாசக்கணக்கில் அலமாரியில் வைக்கிற படங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அழகான பாட்டில்தான். புளியோ எலுமிச்சையோ வினிகரோ உப்போ போதுமான அளவுக்கு இல்லாமல் அந்த வேலை வேண்டாம்.

காந்தாரிக்கு இதுவும் தேவையில்லை. நாகர்கோவில்காரத் தோழி கொடுத்த விதை அது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு, வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும், கடித்தால் காது அடைக்கும். அவர்கள் பக்கம் முழுசாக உப்பிலும் வினிகரிலும் போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படியே. ஒரு சின்ன பாட்டில் ஒரு வருஷம் வருகிறது, ஏனென்றால் ஒரு வேளைக்கு ஒரு காய்க்கு மேல் யாராலும் முடியாது. மரவள்ளிக்கிழங்கு வேகவைக்கிற நாளில் மட்டும் ரெண்டு.

உப்பைப் பற்றிச் சொல்லும்போது டபாஸ்கோ ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் ஏவரி தீவு என்று ஒன்று. அடியில் முழுக்க உப்புப் பாறை. அங்கே 1868-ல் எட்மண்ட் மெக்கில்ஹென்னி என்பவர் ஆரம்பித்த வியாபாரம் அது. இன்றும் பழத்தை உப்போடு அரைத்து, ஓக் மரப் பீப்பாயில் மூன்று வருஷம் வரைக்கும் புளிக்க விடுகிறார்கள். பீப்பாய் மூடிக்கு மேலே ஒரு கனத்த உப்புப் படலம். ஜாடி வாயில் அத்தை கடைசியாக ஒரு கைப்பிடி உப்பைத் தூவி மூடுவதைப் பார்த்தபோது, "அமெரிக்காக்காரனும் இதைத்தான் செய்றான் அத்தை" என்றேன். "மூணு வருசம் ஊறப்போட்டா வீட்ல என்னத்தத் திங்கிறது?" என்றார்கள்.

மார்கழியில் பழம் வர ஆரம்பிக்கும். செடியிலேயே சிவக்கும், பறிக்காவிட்டால் பனியில் அழுகும். காயவைக்க வழியில்லை. முதல் வருஷம் நான் விழுந்த குழி இதுதான். அத்தையின் பதில்: புளி. அரைக் கிலோ பழத்துக்கு நூறு கிராம் பழைய புளி, அந்தப் புளியில் முக்கால் பங்கு கல் உப்பு. தண்ணீர் காட்டாமல் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, ஜாடியில் அமுக்கி மூன்று நாள். உப்பில் மிளகாய் விடுகிற நீரிலேயே புளி ஊறிவிடும். பிறகு மிக்ஸியில் அரைத்து, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கினால் தொக்கு. ஆந்திராக்காரர்கள் இடித்ததை அப்படியே ஜாடியில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது கொஞ்சம் எடுத்துத் தாளித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த முறை இன்னும் பிடிக்கும். நிறம் அப்படியே நிற்கிறது. வீட்டில் வாக்கெடுப்பு நடந்தால் நான் தோற்பேன்.

இடையில் ஸ்ரீரங்கத்தைச் சொல்லாமல் போனால் அங்கே இருக்கிற இன்னொரு தோழி கோபித்துக்கொள்வாள். இங்கிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம், பத்துப் பதினைந்து நிமிஷம். அவள் வீட்டுக்கு ஒரு பாட்டில் தொக்கு கொண்டுபோனேன். அன்றைக்கு அவள் மாமனாருக்குத் திதி. திதிச் சமையலில் மிளகாய் கிடையாது, காரத்துக்கு மிளகுதான். "பெருமாளுக்கே மிளகாய் கிடையாது, தெரியுமா?" என்றாள். பெரிய கோயில் மடைப்பள்ளியில் இன்றும் மிளகுதான் ராஜா. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டங்களின் சரக்கு. போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. அதற்குள் கோயில் தளிகைக்கு வயது பல நூறு ஆகியிருந்தது. நம் ஆட்கள் புதுச் சரக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, மிளகு போல உறைக்கிற காய் என்று பேர் வைத்துவிட்டார்கள். அது வீட்டு அடுப்பங்கரைக்குள் புகுந்து உரிமை கொண்டாடியது. திதியன்றைக்கு மட்டும் வாசலில் நிற்கிறது. பாட்டிலை மறுநாள் திறந்தார்களாம், வாரத்தில் காலி.

தை பிறந்தால் மோர் மிளகாய்.

எனக்கு மிளகாய் வளர்ப்பதே இதற்காகத்தான் என்று சில சமயம் தோன்றும். பழைய சோற்றில் தண்ணீரும் தயிரும் விட்டுப் பிசைந்து, கறுக்கப் பொரித்த மோர் மிளகாயை நறுக்கென்று கடித்து... எழுதும்போதே வாய் ஊறுகிறது, கொஞ்சம் இருங்கள்.

தையில் பனி இருந்தாலும் பத்து மணியிலிருந்து நாலு மணிவரைக்கும் வெயில் சுத்தமாக இருக்கும், மழை பயம் இல்லை. மோர் மிளகாய்க்கு இது போதும். மாசி பங்குனி மாதிரி சுட்டெரிக்கிற வெயிலில் போட்டால் தோல் சட்டென்று முறுகி, உள்ளே மோர் இறங்காது என்பது அத்தையின் கட்சி. உப்பும் புளிப்பும் இருப்பதால், வெயில் ஒரு நாள் ஏமாற்றினாலும் வெறும் பழம் மாதிரிப் பூசணம் பிடிக்காது. உப்பு ஒரு காவல், புளிப்பு இன்னொரு காவல், வெயில் மூன்றாவது.

முண்டுவின் பச்சைக் காய்தான் இதற்குத் தோது. தடித்த தோல், உள்ளே வெற்றிடம் ஜாஸ்தி, மோர் நிறையப் பிடிக்கும். சம்பா ஒல்லி, பொரித்தால் நெருப்புக் குச்சி மாதிரி ஆகிவிடும். காம்பைப் பாதி நறுக்க வேண்டும், முழுக்கக் கிள்ளக் கூடாது. எண்ணெயிலிருந்து எடுக்கவும் தட்டில் வைத்துக் கடிக்கவும் அது கைப்பிடி. கோணி ஊசியால் ஒவ்வொரு காயிலும் ஒரு கீறல், அல்லது அடியில் ரெண்டு குத்து. மிளகாய்த் தோலில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு. அதை உடைக்காவிட்டால் மோர் உள்ளே போகாது, காயும்போது நீர் வெளியே வராது. என் முதல் வருஷப் பூஞ்சை உள்ளுக்குள் பூத்ததற்கும் அந்தப் பூச்சுதான் காரணம். வெளியே துடைத்து வைத்த மாதிரி இருக்க, உள்ளே ஒரு சின்ன ஈர அறை.

ஒரு கிலோ காய்க்கு ஒரு லிட்டர் புளித்த கெட்டி மோர், நூற்றைம்பது கிராம் உப்பு. மோர் நேற்றைக்குப் புளித்தது போதாது, மூன்று நாள் புளித்திருக்க வேண்டும். (இதே புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து செடிக்கும் தெளிக்கிறேன், இலைச்சுருட்டலுக்கு. செடியில் ஆரம்பித்துத் தட்டு வரைக்கும் இந்த மிளகாய் மோரை விட்டு விலகுவதில்லை.) முதல் ராத்திரி முழுக்க ஊறல். காலையில் காயை மட்டும் வடித்து எடுத்துப் பாயில் பரப்ப வேண்டும். பழைய கோரைப்பாய்தான் நல்லது, அடியிலும் காற்று போகும். பிளாஸ்டிக் விரிப்பில் போட்டால் கீழ்ப்பக்கம் வேர்த்துப் போகும். மோர்ப் பாத்திரத்தையும் வேடு கட்டிப் பக்கத்திலேயே வெயிலில் வைக்க வேண்டும். சாயங்காலம் சூடாக இருக்கிற காயைத் திரும்ப மோரில் போட வேண்டும். இளஞ்சூட்டில் காய் உறிஞ்சுகிற சத்தம் கேட்கும் என்பார்கள் அத்தை. நான் காதை வைத்துப் பார்த்திருக்கிறேன், எனக்குக் கேட்டதில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பாத்திரத்தில் மோரே இருக்காது. அப்புறம் இன்னும் மூணு நாலு நாள் வெறும் வெயில். வெள்ளை பூத்து, உடைத்தால் சடக்கென்று முறிய வேண்டும்.

போன தையில் இந்தக் கணக்கில் ஒரு இடி. மூன்றாம் நாள் காலை என் சின்ன மகன் சோர்ந்து படுத்தான், சாயங்காலம் நெஞ்சில் நாலு கொப்புளம். அம்மை. மருத்துவரைப் பார்த்தோம், சின்னம்மைதான், வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்றார். இந்த ஊரில் அதற்கப்புறம் நடப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை. அடுப்பில் தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை, மிளகாய் நெடி மூச்சு விடக் கூடாது. அம்மன் வந்து உட்கார்ந்திருக்கிறாள், வீடு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மாரியம்மன் ஊரில் இருந்துகொண்டு இதில் வாதம் செய்கிற தைரியம் எனக்குக் கிடையாது. காய்ச்சலும் அரிப்புமாக இருக்கிற பிள்ளைக்கு நெடி இல்லாத வீடு சுகம்தானே என்றும் தோன்றியது.

மாடியில் ஒண்ணரைக் கிலோ மிளகாய் மோரில் பாதி ஊறி நிற்கிறது. அப்படியே விட்டால் குழைந்துபோகும். அத்தை வாயைத் திறக்கவில்லை, ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை மாடிப்படியைப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா (ஆமாம், கதவைச் சாத்துகிறவர்தான்) வாசலில் நின்றபடியே, "பாத்திரத்தை மதில் மேல வைங்க, நான் எடுத்துக்கிறேன்" என்றார். அவர் மாடியில் பாய், அவர் மாடியில் வெயில். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அத்தை உத்தரவு போட, அந்தப் பக்கம் அக்கா புரட்டிப்போட, பத்து நாள் ஓடியது. சின்னவனுக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடித்த மறுநாள் ஒரு டின் திரும்பி வந்தது. எடை குறைந்திருந்தது. நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாசி கடைசி ஞாயிறு சமயபுரம் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல். அன்றிலிருந்து எங்கள் தெருவுக்குத் தூக்கம் கிடையாது. மஞ்சள் சேலை, வேப்பிலை, பூத்தட்டு, மேளம் என்று நடந்து வருகிறவர்கள் ராப்பகலாகப் போவார்கள். அம்பாளுக்கு அன்றைக்குத்தான் பச்சைப் பட்டினி விரதம் தொடங்கும். பக்தர்களுக்காக அவளே 28 நாள் விரதம் இருக்கிறாள் என்பது ஐதிகம். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், இப்படிக் குளிர்ச்சியாகத்தான். அவள் மோரும் பானகமும் குடிக்கிற அதே 28 நாள்தான் எங்கள் மாடியில் வத்தல் காய்கிற நாள். இதை நினைத்துக் கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொள்வேன்.

அத்தை சொல்லி, போன வருஷம் ஆறு தொட்டி முண்டுவை மட்டும் தள்ளி, புரட்டாசியில் விதைத்தேன். பழம் சரியாக மாசியில் சிவந்தது. பறித்த உடனே வெயிலில் போடக் கூடாது என்பது அவர்கள் ஊர்ப் பாடம். ஒரு நாள், ரெண்டு நாள் நிழலில் கோணிமேல் குவித்து வைக்க வேண்டும். அரைகுறையாகச் சிவந்த பழமெல்லாம் அதற்குள் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். அவசரப்பட்டுப் போட்டால் பச்சை இருந்த இடம் வெளுத்து, வத்தல் சொட்டைச் சொட்டையாகத் தெரியும். பிறகு மெல்லிசாகப் பரப்பி, நாளுக்கு மூன்று தடவை புரட்டி, சாயங்காலம் குவித்து மூடி, மறுபடி காலையில் விரித்து, ஒரு பத்து நாள். ராத்திரிப் பனி படவே கூடாது. அதோடு, குவித்து வைக்கிறபோது உள்ளே இருக்கிற ஈரம் தோலுக்கு வரும், மறுநாள் வெயில் அதை வாங்கிக்கொள்ளும்.

எப்போது போதும்? பத்து விழுக்காடு ஈரத்துக்கு வந்தால் டின்னில் வைக்கலாம் என்பது கணக்கு. அத்தையிடம் மீட்டர் கிடையாது. ஒரு பிடி எடுத்துக் காதருகில் குலுக்குவார்கள். விதை கலகலவென்று உருள வேண்டும், தோல் வளையாமல் நொறுங்க வேண்டும், காம்பு சட்டென்று ஒடிய வேண்டும். காம்பு வளைந்தால் இன்னும் ஒரு நாள். நாலு கிலோ பழம் ஒரு கிலோ வத்தலானது. டின்னின் அடியில் காய்ந்த வேப்பிலை, மேலே ஒரு பெருங்காயக் கட்டி. ஆடியில் ஒரு தடவை மாடிக்கு ஏற்றி வெயில் காட்டியதோடு சரி, ஒரு வண்டு இல்லை.

காய்ந்ததில் போகிறதும் உண்டு. ஹங்கேரியில் செகெட் என்ற ஊரில், ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்ற விஞ்ஞானி, ராச்சாப்பாட்டுக்கு மனைவி வைத்த சிவப்பு மிளகாயைச் சாப்பிட மனமில்லாமல் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாராம். அதில் வைட்டமின் சி கொட்டிக்கிடப்பதைக் கண்டார். அந்த வழியில் செய்த வேலைகளுக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனைவி சமையலைத் தட்டிக்கழித்ததற்கு இவ்வளவு பெரிய வெகுமதி வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. அந்த வைட்டமின் பச்சைக் காயிலும் புதுப் பழத்திலும்தான் நிறைய, பத்து நாள் வெயிலில் பெரும்பகுதி போய்விடும். அதனால் கொஞ்சம் காயைக் காம்பு நீக்கி, ஈரம் துடைத்து, ஃப்ரீசரில் போட்டுவைக்கிறேன். எடுத்தால் துவண்டுபோய் இருக்கும், குழம்புக்கு ஆகும், பார்க்க லட்சணம் இருக்காது. இதை அத்தை பதப்படுத்துதல் என்றே ஒத்துக்கொள்வதில்லை. "கரண்ட்டு போனா?" என்று கேட்டு முடித்துவிட்டார்கள்.

கை எரிச்சலைச் சொல்லாமல் விட்டால் என்னைத் திட்டுவீர்கள். அரைக் கிலோ காந்தாரியைக் கையுறை இல்லாமல் காம்பு கிள்ளிவிட்டு, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கண்ணைத் தேய்த்தவள் நான். காரம் விதையில் இருப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். அது விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சதையில் ஊறுவது. விதை சும்மா பூசிக்கொண்டிருக்கிறது. அந்தக் காப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் நல்லெண்ணெயைத் தேய்த்து, அப்புறம் சோப்பு, அப்புறம் தயிர். கண்ணுக்கு மட்டும் எண்ணெய் கிண்ணெய் எல்லாம் வேண்டாம், நிறையப் பச்சைத் தண்ணீர். டேவிட் ஜூலியஸ் என்பவர் 1997-ல் கண்டுபிடித்தார்: காப்சைசின் போய்த் தட்டுகிற நரம்புக் கதவும், சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கிற கதவும் ஒன்றேதான். 2021-ல் அவருக்கும் நோபல். அக்கினி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்பதும் காந்தாரியைக் கடிப்பதும் உடம்புக்கு ஒரே சேதி. திருச்சிக்காரர்களுக்கு இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டிருக்காது.

வத்தலை மின் அடுப்பில் காயவைக்கப் பார்த்த வீட்டுக்காரரின் முயற்சியை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன்: தெருவே இருமியது.

இந்தப் பங்குனியில், வத்தலை மூட்டை கட்டின மறுநாள், பெரம்பலூர்ப் பக்கமிருந்து நடந்து வந்த ஒரு கூட்டம் எங்கள் மதில் நிழலில் உட்கார்ந்தது. ஏழெட்டுப் பெண்கள், ரெண்டு பிள்ளைகள். கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள், தயிர்சாதம். அத்தை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்கள். எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது. ஒரு தட்டில் மோர் மிளகாயைக் கறுக்கப் பொரித்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். பிள்ளைகள்கூட ஆளுக்கொன்று எடுத்தன. வயசான ஒரு அம்மா மட்டும் கையை நீட்டவில்லை.

"நேர்த்தி இருக்கும்மா. சாமி பாத்துட்டுத்தான் உப்பு, உறைப்பெல்லாம்."

அத்தை தட்டை எடுக்கவில்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். அப்புறம் நாலு மிளகாயைப் பொறுக்கி, ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

"திரும்புற வழிக்கு" என்றார்.